பதினேழாம் அத்தியாயத்தில் தாதி செய்தது

டீ வேண்டாம், தண்ணீர் போதும். வெளியில் வாங்கும் டீ எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டராகிவிட்ட உங்களுக்கும் ஒருவகையில் நான் வாத்தியார்தான். பள்ளிக்கூடத்தில் அந்த விண்வெளி நாவல் உங்களுக்குப் பாடமாக இருந்திருக்கும். நாவலைத் தொட்டிருக்க மாட்டீர்கள். மஞ்சள் அட்டை போட்ட கைடைத்தான் படித்திருப்பீர்கள். கருப்பொருளும் கதாபாத்திரங்களும், எண்பது பக்கம். எழுதியவன் நான். உங்கள் முகத்தைப் பார்த்தால் அதிலும் பாதிதான் படித்தீர்கள் என்று தெரிகிறது.

நாவலை எழுதியவர் என் அக்காவின் கணவர். ஊரே அவரை மேதை என்றது. நான் அவரை வீட்டில் பார்த்தவன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதையே தேடுகிற மனிதர், நட்சத்திரங்களுக்கு வழி சொன்னார். என் கைடை அவர் ஒருநாளும் புரட்டியதில்லை. அதை நான் மறக்கவில்லை.

கதை சின்னதுதான். ஒரு கப்பல் வேறு கிரகத்துக்குப் போகிறது. உள்ளே நாலு குழந்தைகள், லட்சம் விதைகள், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ‘தாதி’ என்றொரு இயந்திரம். பதினேழாம் அத்தியாயத்தில் மின்சாரம் தீர்ந்துவருகிறது. ஒன்று குழந்தைகளுக்குக் காற்று கிடைக்கும், அல்லது தாதியும் விதைகளும் பிழைக்கும். தாதி ஒரு விசையை அணைக்கிறாள். தன்னையே அணைத்துக்கொண்டாள் என்று நான் எழுதினேன். ‘தாதி தாய்மையின் உச்சம், தியாகத்தின் உருவம்.’ ஐந்து மதிப்பெண் கேள்வி.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் பக்கம், கடைசிப் பக்கம், அவ்வளவுதான் படிப்பது. வருஷத்துக்கு முப்பது கைடு எழுதுகிறவன் நடுப்பக்கங்களில் குடித்தனம் நடத்த முடியாது.

பத்தொன்பது வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லை. விடைத்தாள் திருத்துகிறவர்கள் மேஜையிலும் அதே மஞ்சள் அட்டைதான். போன வருஷம் ஒரு பெண் நாவலையே படித்துத் தொலைத்தாள். தாதி குழந்தைகளின் காற்றை நிறுத்திவிட்டாள், அவள் கொலைகாரி என்று பரீட்சையில் எழுதினாள், பூஜ்யம் வாங்கினாள். நேராக அத்தானுக்குக் கடிதம் போட்டாள்.

அத்தானுக்கு அப்போது நுரையீரல் ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. மூக்கில் குழாய், கட்டில் ஓரத்தில் ஆக்சிஜன் மெஷின். அக்கா மருந்துக்கடைக்குப் போகும்போது என்னைக் காவல் வைப்பாள்.

“பக்கத்துலயே இருடா. குழாய் கழண்டா உடனே மாட்டிவிடு. மனுஷன் கொஞ்ச நேரம்கூடத் தாங்க மாட்டாரு.”

அன்று அவள் போனதும் அத்தான் ஒரு கடிதத்தை நீட்டினார். தேர்வுத்துறைக்கு எழுதியது.

“படிச்சுப் பாரு மாப்ளே. உன் பேரைப் போடலை. கைடுல தப்புன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்.”

“இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு அத்தான்?”

“அந்தப் பொண்ணு சரியா எழுதி மார்க் போயிடுச்சு. நீ அந்த அத்தியாயத்தைப் படிக்கவே இல்ல, அப்படித்தானே?” என்று சிரித்தார். “விடு. நீ எதைத்தான் முழுசாப் படிச்சிருக்கே?”

கோபப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன். சிரித்தார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் ஊரும் சிரித்திருக்கும்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூன்றாவது பத்தி இரண்டாவதையே திருப்பிச் சொல்கிறது என்று ஓரத்தில் குறித்தேன். அது உண்மையும்கூட. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதன் கால் குழாயின்மேல் இருந்தது. தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் முதலில் மூக்கைத் தொட்டுப் பார்த்தார், குழாய் இருந்தது. அப்புறம் நாற்காலியின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவரால் கையைத்தான் காட்ட முடிந்தது. நான் கடிதத்தைக் கடைசிவரை படித்தேன். முழுசாகப் படிப்பதில்லை என்றாரே.

அக்கா படியேறுவதற்குள் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். “கடைசி நேரத்துல நீயாவது பக்கத்துல இருந்தியேடா” என்றாள். எனக்கும் ஆறுதலாக இருந்தது.

கடிதத்தைக் கிழித்திருக்கலாமே என்கிறீர்கள். திருத்திய தாளைப் புத்தகம் அச்சாகும்வரை பத்திரமாக வைத்திருப்பது எங்கள் தொழில் வழக்கம். தேதி போட்டு வேறு வைத்திருந்தேன், என் கையெழுத்தில். அதைத்தான் என் மேஜையிலிருந்து எடுத்தீர்கள்.

புத்தக விவகாரங்களை அக்கா என்னிடமே ஒப்படைத்தாள். புதுப் பதிப்புக்காகப் பதினேழாம் அத்தியாயத்தை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். அந்தப் பெண் எழுதியது சரிதான். நாலு வரியை மாற்றினேன். இப்போது தாதி தன்னையே அணைத்துக்கொள்கிறாள். கைடும் நாவலும் ஒத்துப்போகின்றன. அந்தப் பெண் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு உங்களிடம் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே புத்தகத்தை இரண்டு தடவை படிக்கிறவர்களும் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

அத்தானை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நாலு குழந்தைகளையும் அவர் சாகடித்திருந்தார், நான் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.