மீட்புப் படகு வராமல் இறங்கிய கொடி

தலைவர் கந்தவேல் அவர்களே, பாய்மரச் சங்கச் செயலாளர் ஹரிகிருஷ்ணன் அவர்களே, கணவர் அழகையாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஞானம்மா அவர்களே, படகோட்டிகளே! போன மாதம் மீட்புப் படகு இல்லாமல் போட்டியைத் தொடங்கினோம். அதனால்தான் அழகையா இறந்தார். தலையெழுத்து என்று யாரும் இங்கே பேச வேண்டாம்.

சங்கத்தில் இருப்பது ஒரே மோட்டார் படகு. அன்று அதில் சிறப்பு விருந்தினரை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிக் காட்டப் போய்விட்டார்கள். தொடக்கக் கொடி என் பொறுப்பு. அதை இறக்கினால் போட்டி ஆரம்பம். நான் தயங்கினேன். "ஒரு ரவுண்டுதாங்க, வெரசா வந்துருவாங்க, எறக்குங்க" என்றார் செயலாளர். தொடக்கக் கோட்டருகே படகைத் திருப்பிக்கொண்டிருந்த அழகையா என்னிடம் கேட்டார்: "அண்ணே, மீட்புப் படகு எங்க கெடக்கு?"

"வருது, நீ ஓட்டுப்பா" என்றேன். அவர் என்னை நம்பினார். கொடியை இறக்கியது இந்தக் கைதான்.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித்தான் முன்னேற வேண்டும். அப்படிப் போய், போட்டிப் பாதையைக் குறிக்கும் முதல் மிதவையை முதலில் சுற்றியவர் அழகையா. ஐம்பத்தொன்பது வயது! அப்போது மலைச்சரிவிலிருந்து திடீரென இறங்கிய காற்று, பின்னால் வந்த, கவுஞ்சி ஊர்ப் பெண் சத்தியபிரியாவின் படகைக் கவிழ்த்தது. அந்தப் பெண் பாய்க்கு அடியில் கயிற்றில் சிக்கிக்கொண்டார்.

ஆங்கிலத்தில் இருக்கும் போட்டி விதிப்புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். அதன் முதல் விதி என்ன தெரியுமா? ஆபத்தில் இருப்பவருக்கு உதவு என்பது. அழகையாவுக்கு அதைப் படித்துச் சொன்னவன் நான். படகைத் திருப்பியவர் அவர். குதித்தவர் அவர். கயிற்றை அறுத்து, சத்தியபிரியாவைக் கவிழ்ந்த படகோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தவர் அவர். மோட்டார் படகு வந்தபோது சத்தியபிரியாவுக்கு மூச்சு இருந்தது. அழகையாவுக்கு இல்லை.

அவர் எப்படிப்பட்டவர்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் அவர் படகு மிதவையை லேசாக உரசியது. யாரும் பார்க்கவில்லை. அதற்குத் தண்டனையாக ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு மூன்றாவதாக வந்தார். "ஒருத்தனும் பாக்கலையேப்பா, என்னத்துக்குச் சுத்துன?" என்று கேலி செய்தேன். "மெதவை பாத்துருச்சேண்ணே" என்றார்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் ஹாலந்துச் செல்வந்தர்கள் பொழுதுபோக்காக ஓட்டிய படகிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. 1896-ஆம் ஆண்டின் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே வானிலை கெட்டதால் பாய்மரப் போட்டி நடக்கவில்லை என்று படித்திருக்கிறேன். ஒலிம்பிக்கிலேயே நிற்கலாம், நம் ஏரியில் மட்டும் நிற்கக் கூடாதா?

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். வரும் ஞாயிறு அழகையா நினைவுப் போட்டியாம். அறிவிப்புப் பலகையைப் பார்த்தீர்களா? விருந்தினர் ஏரி வலம், காலை பத்து மணி. போட்டி தொடக்கம், காலை பத்து மணி. பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் படகு அதே ஒன்றுதான். அந்தப் பலகையைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஆகவே கேளுங்கள். செயலாளர் ஹரிகிருஷ்ணன் இன்றே அந்த ஏரி வலத்தை ரத்து செய்ய வேண்டும். விருந்தினர் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். தலைவர் கந்தவேல், மீட்புப் படகை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். படகு ஓட்டும் சிவமுருகன் ஒன்பதரைக்கே இயந்திரத்தை இயக்கி, ஏரி நடுவில் நிற்க வேண்டும். பத்தொன்பது பேரும் அந்தப் படகைத் தங்கள் கண்ணால் பார்க்காமல் கோட்டுக்குப் போகக் கூடாது. யார் "வருது" என்றாலும் நம்ப வேண்டாம், நானே சொன்னாலும்.

கொடியை நான் ஏற்றுவேன். மீட்புப் படகு ஏரி நடுவில் நிற்காவிட்டால் இறக்க மாட்டேன். பொழுது சாய்ந்தாலும் இறக்க மாட்டேன்.