சகலையின் சட்டை வால்

உலகத்தில் இதுவரை எந்தத் துப்பாக்கி ஸ்கோப்பும் குறி தவறியதில்லை. தவறியவர்கள் எல்லோரும் மனிதர்கள்தான். வடக்கு விஸ்கான்சினில் இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது, மேடம். எங்கள் வட்டாரத்தில் மான் வேட்டைக்குப் போகிற துப்பாக்கிகளில் பாதி என் கடையின் பின்பக்கத்து மேசையில் படுத்து எழுந்தவை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நவம்பர் பிறந்தால் ஒவ்வொருவராக வருவார்கள். "டெல்மர், ஸ்கோப் நகர்ந்துடுச்சுப்பா. போன வருஷம் மூக்குக்கு முன்னால நின்ன மான் தப்பிச்சுப் போச்சு" என்பார்கள். "ஆமாமா, போற வழியில அந்த மானே நகர்த்தி வச்சிட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வாங்கி வைப்பேன். சிரிக்க மாட்டேன். வியாபாரம் இருக்கிறது.

என் மாமனார் ஓர்வில்லின் வேட்டைக் கொட்டகையில், கேம்ப் என்போம், இதற்குச் சட்டமே உண்டு. மானைத் தவறவிட்டவன் சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அவன் சட்டையின் பின்வாலைக் கத்தரித்து, பெயர் எழுதி, சுவரில் ஆணி அடித்துவிடுவோம். இது எங்கள் பக்கத்தில் எல்லாக் கொட்டகையிலும் உள்ள வழக்கம்தான். எங்களிடம் கூடுதலாக ஒன்று: தவறவிட்டவன் 'ஸ்கோப்' என்ற சொல்லை வாயில் எடுத்தால் இரண்டு கைகளும் போகும். சட்டையின் கைகளைச் சொல்கிறேன். அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்.

சுவரில் தொங்குபவை பெரும்பாலும் என்னுடையவை. ஜவுளிக் கடையில் மாதிரித் துணி மாட்டியது போல இருக்கும். என் சகலை கர்ட்டின் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. காகித ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறவன். மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் ஏறியதும் தூங்கிவிடுவான்; மான் வந்துதான் எழுப்பும்; ஒரே குண்டு. இறங்கி வந்து சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பான். கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அந்தக் கொட்டகைக்குக் கூரை மாற்றியது யார்? நான். வருடா வருடம் புகைபோக்கிக்குள் தலையை விட்டுக் கரி எடுத்தது யார்? அதுவும் நான். இந்த இலையுதிர் காலத்தில் ஓர்வில் மாமா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "எனக்கு முட்டி போச்சு. ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுத்தா ரெண்டு பேரும் சேந்து வித்துடுவீங்க. கேம்ப்பும் காடும் ஒருத்தனுக்குத்தான். சீசன் முடியட்டும், சொல்றேன்."

சொல்லும்போது அவர் கண் சுவரில் இருந்தது.

"மாமா, சுவத்தப் பாத்தா முடிவு பண்ணப் போறீங்க?" என்றேன்.

"பின்ன, உன் மூஞ்சியப் பாத்தா பண்ண முடியும், மாப்ளே?"

அந்த வாரமே கர்ட் தன் துப்பாக்கியோடு கடைக்கு வந்தான். "பரண் ஏணியிலேந்து விழுந்துடுச்சு சகலை. சீசன் ஆரம்பிக்கிற வரைக்கும் எனக்கு ஆலையே கதி. நீயே சுட்டுப் பாத்துக் குடுத்துடு."

ஸ்கோப்பைத் தாங்குகிற இரண்டு வளையங்களும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அடித்தகட்டை மாற்றினேன். முனை கூரான இரண்டு தண்டுகளை வளையங்களில் மாட்டி, முனையும் முனையும் தொடுகிற வரை சரிசெய்தேன். வளையத்தின் உட்புறத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். கடைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுட்டேன். அட்டையில் விழுந்த துளைகள் எல்லாவற்றையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். அதைவிட நேராக நான் வாழ்க்கையில் எதையும் பொருத்தியதில்லை. என் வேலையைப் பற்றி யாரும் குறை சொல்லிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன்.

பிறகு பின் வளையத்தை அவிழ்த்து, பீர் கேனில் வெட்டிய ஒரு சின்னத் தகட்டை இடது பக்கம் செருகி, மறுபடி முடுக்கினேன். இதோ, நீங்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். இடது பக்கம் செருகினால் குண்டு வலது பக்கம் விலகும். மான் நிற்கிற தூரத்தில் ஒரு சாண். துளை விழுந்த அட்டையைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தேன். கர்ட் அட்டையைப் பார்த்து, "கை வச்சா நீதான் சகலை" என்றான். ஒரே ஒரு சட்டை வால், மேடம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் நாளே கிடைத்தது. நல்ல கொம்புள்ள மான், கர்ட் தவறவிட்டான். சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றான். கத்தரிக்கோல் பிடித்த ஓர்வில் மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"ஏதாவது சொல்லணுமா சகலை? ஸ்கோப் கீப்..." என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

கர்ட் துப்பாக்கியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "என்னத்தச் சொல்ல. தவற விட்டுட்டேன். கை ரெண்டும் இருக்கட்டும்பா, குளிருது."

வேறு ஊரில், வேறு கொட்டகையில், யாராவது ஓர் அட்டையை மரத்தில் ஒட்டிச் சுட்டுப் பார்த்திருப்பார்கள். எங்களிடம் அது வெட்கக்கேடு. மறுநாளும் அதே துப்பாக்கியோடுதான் அவன் போவான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஸ்கோப்பில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

வேண்டியதுதான் கிடைத்துவிட்டதே, அப்போதே தகட்டை எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. எடுக்கத்தான் இருந்தேன். திருப்புளி சட்டைப் பையில் இருந்தது. அப்போது மாமா துண்டைச் சுவரில் அறைந்துவிட்டு பிராந்தியை ஊற்றிக்கொண்டு சொன்னார்: "இத்தன வருஷத்துல ஒத்தத் துண்டு. எனக்கே நாலு தொங்குது. இப்பத்தான்டா இவனும் மனுஷன்னு நம்பிக்கை வருது. இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. கேம்ப் கர்ட்டுக்குத்தான். திங்கக்கிழமை வக்கீலப் பாத்துடறேன்."

நான் எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினேன். அதையும் யாரும் செய்வதில்லை.

கர்ட்டின் பரணுக்கு எதிரே ஒரு பிர்ச் மரத்தில் ஆரஞ்சு நாடா கட்டியிருக்கும். நாடாவுக்கு இடது பக்கம் சுடலாம். வலது பக்கம் சுடக் கூடாது. மரங்களுக்குப் பின்னால் என் பரண் இருக்கிறது. கர்ட் ஒரு தடவைகூட அந்தக் கோட்டைத் தாண்டிச் சுட்டதில்லை. அப்படிப்பட்டவனை நம்பி யாரும் அங்கே உட்காரலாம்.

மறுநாள் காலை பனி கெட்டியாக இருந்தது. மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு பூட்ஸ் மாட்டினார்.

"மாமா, உங்க பரண் ரொம்ப ஏத்தம். இன்னிக்கு என்னோடதுல உக்காருங்க. நான் மேல போறேன்."

"என்னடா மாப்ளே, திடீர்னு பாசம்?"

"முட்டிக்காகச் சொல்றேன்."

ஏணியில் கை கொடுத்து ஏற்றிவிட்டேன். இடுப்பு வாரை நானே மாட்டினேன், விழுந்துவிடக் கூடாதே என்று. காபி பிளாஸ்க்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். பெற்ற மகன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மான் நாடாவை ஒட்டி, இடது பக்கம்தான் வந்ததாம். கர்ட் சுட்டான். நான் மேட்டில் மாமாவின் பரணில் மான்கறித் துண்டு வைத்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரே வெடி. பிறகு கர்ட், "மாமா, மாமா" என்று கூப்பிடுவது கேட்டது. ரொட்டியை முடித்துவிட்டு இறங்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் அவரை முதுகில் சுமந்துகொண்டு சாலைக்கு வந்திருந்தான். சுமந்ததால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆம். தகட்டை வைத்தது நான். எடுக்காமல் விட்டது நான். மாமாவை அங்கே உட்கார வைத்தது நான். தனித்தனியாகப் பாருங்கள்: ஒன்று விளையாட்டு, ஒன்று மறதி, ஒன்று பெரியவருக்குச் செய்த மரியாதை. மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நீங்கள். வலது பக்கம் ஏன் விலக்கினாய், இடது பக்கம் வெறும் சதுப்புநிலம்தானே என்கிறீர்கள். கைக்கு வந்த பக்கம் செருகினேன். மாமா போய்விட்டதால் காடு இப்போது அவருடைய இரண்டு பெண்களுக்கும் சமமாக வரும் என்கிறீர்கள். சட்டம் போட்டது நானா?

பக்கத்து அறையில் கர்ட் காலையிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம்: "சுட்டது நான்தான்." நீங்களாக ஸ்கோப்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்கள், அவன் கேட்கவில்லை. இப்போதும் அந்தச் சொல்லை அவன் எடுக்கவில்லை. வீம்பு பிடித்தவன்.

நான் அப்படியில்லை, சொன்னால் கேட்டுக்கொள்கிறவன். நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். அன்றைக்கு என்ன குளிர். அந்தக் குளிரில் தகடு சுருங்கும், ஸ்க்ரூ இளகும். நான் வைத்தது ஒரு சாண், மேடம், ஒரே சாண். அது மாமா வரைக்கும் போயிருக்கிறது என்றால், அந்த ஸ்கோப் நகர்ந்திருக்கிறது.