நடிகருக்குப் பக்கத்தில் லோகு

எங்கள் ஊர் முனையில் நிற்கிற நடிகர் சிலையைப் பார்த்தால் யாருக்கும் அந்த நடிகர் ஞாபகத்துக்கு வரமாட்டார், சார். மூக்கு மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் சிலை செய்தவரின் மச்சானைப் பார்த்துச் செய்தது என்று ஊரில் கேலி பேசுவார்கள். நீங்களே தினமும் ஜீப்பில் அந்த வழியாகத்தான் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறீர்கள்.

அதை வைத்தவர் என் அப்பா. அவர் போனதும் ரசிகர் மன்றத் தலைவர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் அந்த நடிகரின் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பிறந்த நாளுக்குப் பந்தல், நினைவு நாளுக்கு அன்னதானம். யார் வீட்டில் காதுகுத்து என்றாலும் முதலில் சிலைக்கு மரியாதை செய்ய நான் போய் நிற்க வேண்டும்.

என் மனைவி ஜோதிலட்சுமி பொறுத்துப் பார்த்தாள். திருநின்றவூரில் ஒரு ஃப்ளாட் வாங்கிப் பிள்ளைகளோடு போய்விட்டாள்.

"அந்தச் செலையக் கட்டிக்கினு இங்கயே கெட. அது போனாத்தான் நீ வருவ" என்றாள்.

ஒருமுறை நானும் பெட்டியோடு போனேன். அன்று சாயங்காலமே லோகு வந்துவிட்டான். லோகு என்கூடப் படித்தவன், மன்றச் செயலாளர். கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், சென்ட்ரலில் ரயில் மாறி வந்து ஃப்ளாட் வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னா தலைவரே, நீ பாட்டுக்கு இங்க வந்து குந்திக்கினா அங்க யாரு நிப்பாங்க? உன்ன உட்டுட்டு நா போவேனா?"

அன்பாகத்தான் சொன்னான். அவனோடு திரும்பிப் போனேன். அடுத்த முறையும் வந்தான். அதற்கடுத்த முறை அவன் வருவதற்கு முன்பே நானாகவே கிளம்பிவிட்டேன். அன்றுதான் எனக்கு உண்மையில் மூச்சு முட்டியது.

பிறகு சாலையை அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். சிலையைப் பெயர்த்து எடுத்துப்போகிறார்கள் என்று கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். ஊரார் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

லோகு ஒரு யோசனையோடு வந்தான். கிரேன் சிலையைத் தூக்கியதும் காலிப் பீடத்தில் அவன் ஏறிப் படுத்துக்கொள்வான். கூட்டம் சேரும், அதிகாரிகள் பேச வருவார்கள், சிலை பழைய இடத்துக்கே வந்துவிடும். நான் கையைக் காட்டி கிரேனை நிறுத்தினால் போதும்.

இரும்பு ஆலையில் என் வேலையே கிரேனுக்குக் கைச்சாடை காட்டுவதுதான். கேபினில் இருப்பவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. கீழே நிற்பவனின் கையை நம்பித்தான் இயக்குவான். மன்றத் தலைவரே நின்றால் தகராறு வராது என்று காண்ட்ராக்டரும் அன்று என்னையே நிற்கச் சொல்லியிருந்தார்.

நான் நிதானமாக யோசித்தேன். லோகு ஜெயித்துவிட்டால் சாகும்வரை எனக்கு விடிவில்லை. ஆனால் ஆளைக் கொன்ற சிலையை எந்த ஊரும் வைத்துக்கொள்ளாது. இதில் தவறான கணக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"நா தோளத் தொடற வரைக்கும் கண்ணத் தெறக்காத. பாதியில எழுந்தா டிராமான்னு சொல்லிடுவாங்க" என்று சொல்லிவைத்தேன்.

"நீ இருக்கசொல்ல எனக்கின்னா பயம்?" என்றான்.

பீடத்துக்கும் கிரேனுக்கும் நடுவில் மன்றத்தின் பெரிய பேனர் நின்றது. அதை அங்கே கட்டச் சொன்னது நான்தான். கோஷத்தில் யார் எதற்குக் கத்துகிறார்கள் என்று கேபினுக்குக் கேட்கவில்லை. சிலை மேலே போனதும் லோகு ஏறிப் படுத்தான். முதலில் நிறுத்து என்று காட்டினேன். பிறகு, எடுத்த இடத்திலேயே இறக்கு என்று காட்டினேன். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்து ஆபரேட்டர் மணிகண்டன் பதமாகத்தான் இறக்கினான். லோகு கண்ணைத் திறக்கவில்லை.

நிறுத்து என்று மட்டும்தான் காட்டினேன் என்று அன்றைய விசாரணையில் உங்களிடம் சொன்னேன். மணிகண்டன்மேல் வழக்குப் போட்டீர்கள். பாவம், அவன் நல்ல ஆபரேட்டர்.

என் கணக்கு எங்கே தப்பியது என்று உங்களுக்கே தெரியும். சிலைக்காக உயிரைக் கொடுத்தவன் என்று ஊர் திரண்டது. அதிகாரிகள் பின்வாங்கினார்கள். இப்போது சாலை சிலையைச் சுற்றி வளைந்து போகிறது. நடிகருக்குப் பக்கத்தில் லோகுவுக்கும் ஒரு சிலை. அது மட்டும் அச்சு அசலாக அமைந்துவிட்டது. அவன் மனைவி ஞானம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள நம்பித்தாண்ணே போய்ப் படுத்தாரு. நீங்க எங்கயும் போயிடாதீங்க" என்று அழுதாள். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

லோகுமேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. எனக்கு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். ஜெயிலுக்கு யாரும் வந்து என்னைத் திரும்ப அழைத்துப் போக முடியாது. சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை லோகுவின் நினைவு நாள். சனிக்கிழமை வந்து என்னைக் கைது செய்யுங்கள். முதல் மாலையை வேறு யாராவது போட்டால் அவனுக்குப் பிடிக்காது.