போகிற பக்கம் மட்டும் அடித்த கோடு

சாயங்காலம் ஐந்தே முக்கால் மணி. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, ஆள் நடமாட்டமே கிடையாது... சிரிக்கிறவன் எழுந்து வெளியே போகலாம். நானும் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. இது என் கூட்டாளி லாரி டிரைவருடைய மச்சானுக்கு நடந்தது.

மச்சான் பெயிண்டர். கடற்கரையில் தொடங்கி நாட்டின் மறுகோடி மலை வரைக்கும் ஒரு நடைபாதை போகிறது. அழகு பார்க்கிறேன் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் நடப்பார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள்! அவர்கள் வழி தவறாமல் இருக்க மரத்துக்கு மரம் மஞ்சள் கோடு. பழசைச் சுரண்டிவிட்டுப் புதுசு அடிப்பதுதான் மச்சானுக்கு வேலை. ஒரு மரத்துக்கு இரண்டு கோடு. போகிறவனுக்கு ஒரு பக்கம், திரும்பி வருகிறவனுக்கு மறுபக்கம்.

அன்றைக்கு அவர் அடிக்கப் போன மரத்தில் ஏற்கெனவே கோடு இருந்தது. தொட்டார். ஈரம். அடுத்த மரத்திலும்... அதற்கடுத்ததிலும். பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. முன்னால் எங்கேயோ சுரண்டுகிற சத்தம். சரக்... சரக்...

மேஸ்திரி தனக்குத் தெரியாமல் வேறு ஆள் போட்டுவிட்டான் என்று மச்சானுக்குச் சந்தேகம். அவருக்கு இருந்தது இந்த ஒரு வேலைதான்.

"எவன்டா அது? என் சோத்துல மண்ணப் போட வந்தவன்?" என்று கத்தினார்.

சத்தம் நின்றது. பிறகு, கொஞ்சம் தள்ளி... சரக்.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு விரட்டினார். கோட்டைப் பார்த்துப் பார்த்தே ஓடினார். காலில் பட்ட கல் ஒன்று உருண்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை... ஒரு அடி முன்னால் கிடுகிடு பள்ளம். எதிர்ப்பக்கம், ஆள் நிற்க இடமே இல்லாத செங்குத்துப் பாறையில் அடுத்த கோடு. இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

திரும்பினார். வந்த வழியில் ஒரு மரத்திலும் கோடு இல்லை. போகிற பக்கம் மட்டுமே அடித்திருந்தது.

இருட்டிவிட்டது. ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். சரக்... சரக்... பக்கத்தில் வந்தது. முதுகுக்குப் பின்னால் நின்றது. விடிகிற வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் அவர் கத்தியதைக் கேட்டு, நடந்து போன இரண்டு பேர் வந்தார்கள். "என்னண்ணே, உங்க முதுகுல யாரு கோடு போட்டது?"

"குடிச்சுட்டு உளறியிருப்பான்" என்று நான் டிரைவரிடம் சொன்னேன்.

அவன் என்னை மச்சான் வீட்டுக்கே கூட்டிப் போனான். அன்றைக்குப் போட்டிருந்த சட்டை ஆணியில் தொங்கியது. முதுகில் ஒரு சாண் நீளம், ஓரம் பிசகாத மஞ்சள் கோடு.

"ஒம்பது வருஷமாச்சு. தங்கச்சி எத்தன தடவ துவைச்சுட்டா தெரியுமா? நீயே தொட்டுப் பாருடா."

விரலை வைத்தேன்... பிசுபிசுவென்று ஒட்டியது.