சாய்மனைக் கதிரையில் ஒரு நித்திரை

நாகேந்திரம்: ஆரைப் பாத்துச் சிரிச்சனீர்?

ஜெகதீஸ்வரி: எப்ப?

நாகேந்திரம்: இப்ப... சவுந்தரநாயகம் மாஸ்டர்ரை சாய்மனைக் கதிரையிலை கிடக்கேக்கை.

ஜெகதீஸ்வரி: நித்திரையிலை கிடக்கிறவள் ஆரைப் பாப்பாள்? நல்ல கேள்வி. கொட்டாஞ்சேனையிலையிருந்து கோட்டை ஸ்ரேசன் வரைக்கும் ரிக்‌ஷாவிலை வாய் திறக்கேல்லை. ரயில் வெளிக்கிட்ட உடனை தொடங்கியாச்சு.

நாகேந்திரம்: கண்ணை மூடிக்கொண்டு சிரிச்சனீர். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ஜெகதீஸ்வரி: மெதுவாக் கதையுங்கோ. முன்னுக்கு இருக்கிற மனுசி பாக்கிறா.

நாகேந்திரம்: அவ சிங்கள மனுசி. எங்கடை கதை விளங்காது.

ஜெகதீஸ்வரி: உங்கடை முகம் விளங்கும்.

நாகேந்திரம்: கதையை மாத்தாதையும். அது நடந்து பதினாலு மாசம். இந்தப் பதினாலு மாசத்திலை வீட்டிலை ஒரு நாள் சிரிச்சிருப்பீரே?

ஜெகதீஸ்வரி: எது நடந்து?

நாகேந்திரம்: உமக்குத் தெரியும்.

ஜெகதீஸ்வரி: பிள்ளை செத்து எண்டு சொல்லுங்கோவன்.

நாகேந்திரம்: டிக்கற்றை... நீரே வைச்சிருக்கிறீர்?

ஜெகதீஸ்வரி: உங்கடை சட்டைப் பொக்கற்றுக்குள்ளை இருக்கு.

நாகேந்திரம்: ம்... எட்டு வியாழக்கிழமை. கந்தோரிலை துரையிட்டை அரை நாள் லீவு கேட்டுக் கேட்டு நீர் தேறட்டும் எண்டு உம்மை அவரிட்டைக் கூட்டிக்கொண்டு போறவன் நான். சிரிப்பு மட்டும் அந்தாளுக்கு.

ஜெகதீஸ்வரி: அறுபத்தெட்டு வயசு மனுசன். தந்திக் கந்தோரிலை பென்சன் எடுத்தவர். வாயிலை கட்டுப்பல்லு.

நாகேந்திரம்: குரலுக்குப் பல்லு வேணுமே? நெத்தியிலை மூண்டு விரலை வைச்சு இருபதிலையிருந்து கீழை எண்ணுறார். பன்னிரண்டு வர முதல் நீர் அப்பிடியே உருகிப் போறீர்.

ஜெகதீஸ்வரி: அது மெஸ்மரிசம். தபாலிலை பாடம் எடுத்துப் படிச்சவர்.

நாகேந்திரம்: பதினொரு வருசமாய் நானும் உம்மோடை கதைக்கிறன். என்ரை குரலைக் கேட்டு நீர் ஒரு நாளாவது கண்ணை மூடியிருக்கிறீரே?

ஜெகதீஸ்வரி: கொட்டாவி விட்டிருக்கிறன்.

நாகேந்திரம்: பகிடி வேண்டாம்.

ஜெகதீஸ்வரி: அப்ப காலமை கிணத்தடியிலை நடந்தது பகிடியில்லையோ?

நாகேந்திரம்: என்ன நடந்தது?

ஜெகதீஸ்வரி: இருபது... பத்தொன்பது... பதினெட்டு... முகமெல்லாம் சவுக்கார நுரையோடை. பக்கத்து வீட்டுப் பிறிஜெற் அக்கா வேலிக்கு மேலாலை கேட்டா, உங்கடை அவர் ஏன் தலைகீழாய் எண்ணுறார் எண்டு.

நாகேந்திரம்: அவவுக்கு வேற வேலையில்லை.

ஜெகதீஸ்வரி: செவ்வாய்க்கிழமை பிந்தி வந்ததும் எண்ணத்தானோ?

நாகேந்திரம்: கந்தோரிலை வேலை கூட எண்டு சொன்னனான்தானே.

ஜெகதீஸ்வரி: சொன்னனீங்கள். சட்டை முழுக்க மாஸ்டர் வீட்டுச் சாம்பிராணி மணந்தது. சொல்லுங்கோவன். நான் ஒண்டும் கோவிக்கேல்லை.

நாகேந்திரம்: ஓம். போனனான். தனியப் போனனான். என்னையும் நித்திரையாக்குங்கோ எண்டு கேட்டனான். போதுமே?

ஜெகதீஸ்வரி: பிறகு?

நாகேந்திரம்: மூண்டு தரம் எண்ணினார். கடைசியிலை அந்த மனுசன்தான் கொட்டாவி விட்டார். எனக்கு ஒரு நித்திரையும் வரேல்லை. அவர் வீட்டு முகட்டிலை எத்தினை பல்லி எண்டு கேளும், சொல்லுவன்.

ஜெகதீஸ்வரி: பாவம்... ஏன் போனனீங்கள்?

நாகேந்திரம்: நீர் போற இடத்தைப் பாக்க. நெஞ்சுக்குள்ளை ஒரு அறை இருக்கு தங்கச்சி, கதவைத் திறந்து உள்ளை போம், அங்கை உம்மை ஆரும் நோகப் பண்ண மாட்டினம் எண்டு சொல்லுறார். நீர் திறந்துகொண்டு போறீர். நான் அந்தக் கதவுக்கு வெளியிலை, உம்மடை கதிரைக்குப் பக்கத்து வாங்கிலை இருந்துகொண்டு, மடியிலை தொப்பியை வைச்சுக்கொண்டு.

ஜெகதீஸ்வரி: அவசரப்பட்டால் அந்தக் கதவு திறக்காது எண்டும் சொன்னவர்.

நாகேந்திரம்: உமக்கு மட்டும் திறக்குமோ? சாமியறைப் பக்கமே போகாமல் இருந்த ஆள் நீர். இப்ப காலமையும் பின்னேரமும் விளக்கு வைக்கிறீர். வெள்ளிக்கிழமையெண்டால் பம்பலப்பிட்டிக் கோயில். சமைக்கேக்கை தேவாரம். நீர் தேறிக்கொண்டு போறீர், ஈசு. நான் நிண்ட இடத்திலையே நிக்கிறன். எனக்குப் பொறாமையாக் கிடக்கு. சொல்லிப்போட்டன்.

ஜெகதீஸ்வரி: நான் தேறக்கூடாதோ?

நாகேந்திரம்: தேறத்தான் வேணும். ஆனால் என்னாலை தேறவேணும். ஆரோ ஒரு சவுந்தரநாயகத்தாலை இல்லை.

ஜெகதீஸ்வரி: நெருப்புக்காய்ச்சலிலை பிள்ளை போன அண்டைக்கு நீங்கள் என்னட்டை...

நாகேந்திரம்: கொள்ளுப்பிட்டி வந்திட்டுது.

ஜெகதீஸ்வரி: வந்தால் வரட்டும். நாங்கள் வெள்ளவத்தையிலைதானே இறங்கிறது.

நாகேந்திரம்: யன்னலைச் சாத்தட்டே? கடல் காத்து உமக்குக் கூடாது.

ஜெகதீஸ்வரி: வேண்டாம்... ஒண்டு கேக்கட்டே? நான் நித்திரையிலை கிடக்கேக்கை நீங்களும் மாஸ்டரும் என்ன கதைக்கிறனீங்கள்?

நாகேந்திரம்: ஒண்டுமில்லை.

ஜெகதீஸ்வரி: முக்கால் மணித்தியாலமும் ஒண்டுமில்லையோ?

நாகேந்திரம்: யுத்தத்தைப் பற்றி. ஜேர்மன்காரன் பாரிசைப் பிடிச்சது... அரிசித் தட்டுப்பாடு வருமோ எண்டு... ஆம்பிளையள் கதைக்கிறதுதான்.

ஜெகதீஸ்வரி: ஓ... பாரிஸ்.

நாகேந்திரம்: அதை விடும். இனி அந்தக் கதையும் இல்லை. நீர் படியாலை இறங்கின பிறகு நான் அவரிட்டைச் சொல்லிப்போட்டன், வாற வியாழனிலையிருந்து வரமாட்டம் எண்டு.

ஜெகதீஸ்வரி: என்ன?

நாகேந்திரம்: எட்டுத் தரம் காணும்.

ஜெகதீஸ்வரி: என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல்...

நாகேந்திரம்: கேட்டால் ஓம் எண்டு சொல்லியிருப்பீரே? அழாதையும். மனுசி பாக்கிறா.

ஜெகதீஸ்வரி: பாக்கட்டும். எனக்கு அந்த வியாழக்கிழமை வேணும். மற்ற ஆறு நாளும் அதை நினைச்சுத்தான் பாயை விட்டு எழும்பிறனான். அதையும் பறிச்சால் நான் பழையபடி சுவரைப் பாத்துக்கொண்டு கிடப்பன்.

நாகேந்திரம்: பாத்தீரே? இதைத்தான் சொல்லுறன். அந்தாளின்ரை குரலைக் கேக்க ஆறு நாள் காத்துக் கிடக்கிறீர்.

ஜெகதீஸ்வரி: குரலைக் கேக்கத்தான் போறனான்.

நாகேந்திரம்: சரி, உம்மடை வாயாலையே வந்திட்டுது. ஈசு... சரி, சரி... அழுது முகத்தை வீங்கப் பண்ணாதையும். போம். நாளைக்கே அவருக்கு ஒரு கடிதம் போடுறன். ஆனால் நீர் தனியப் போம். அந்த வீட்டிலை இருக்கிற அவர்ரை தங்கச்சி உம்மோடை கூட இருப்பா. நான் வரேல்லை. இருந்து பாக்க என்னாலை ஏலாது.

ஜெகதீஸ்வரி: நீங்கள் வராட்டி நானும் போகேல்லை.

நாகேந்திரம்: இதென்ன புதுக்கதை? கோட்டையிலை ரிக்‌ஷா பிடிச்சு ஏத்தி விடுறன்.

ஜெகதீஸ்வரி: நீங்கள் இல்லாமல் எனக்கு அங்கை ஒரு வேலையுமில்லை.

நாகேந்திரம்: எனக்கு அங்கை என்ன வேலை? நித்திரையாக்கிறது அவர். நித்திரை கொள்ளுறது நீர்.

ஜெகதீஸ்வரி: நான் நித்திரை கொள்ளுறேல்லை.

நாகேந்திரம்: என்ன சொல்லுறீர்?

ஜெகதீஸ்வரி: எட்டு வியாழனிலை ஒரு நாளும் கொள்ளேல்லை. முதல் நாளே எழும்பிச் சொல்லத்தான் இருந்தனான், எனக்கு இது சரிவராது மாஸ்டர் எண்டு. அதுக்குள்ளை அவர் உங்களிட்டைப் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். நீங்கள் தவமணி எண்டு சொன்னீங்கள்.

நாகேந்திரம்: நீர்... எல்லாத்தையும் கேட்டனீரே?

ஜெகதீஸ்வரி: வீட்டிலை அந்தப் பேர் ஒரு நாளும் உங்கடை வாயிலை வரேல்லை. நான் தொடங்கினால் எழும்பிப் போயிடுவியள். அங்கை வாங்கிலை இருந்து சொன்னீங்கள், உங்கடை சப்பாத்துக்குள்ளை காலை விட்டுக்கொண்டு கந்தோருக்குப் போறன் எண்டு விறாந்தையிலை நடந்தவள் எண்டு. சொல்லிச் சொல்லி அழுதீங்கள். அண்டைக்கு வந்துதான் நான் விளக்கு வைச்சனான்.

நாகேந்திரம்: அப்ப இண்டைக்குச் சிரிச்சது...

ஜெகதீஸ்வரி: இண்டைக்கு நீங்கள் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போன கதை சொன்னனீங்கள். அண்டைக்கு நான் உங்களோடை வரேல்லை. எனக்கு அது தெரியாது. அலை வந்து அவளின்ரை ஒத்தைச் செருப்பை இழுத்துக்கொண்டு போனது எண்டு சொல்லிக்கொண்டு இருக்கேக்கை, மாஸ்டர் என்னை எழுப்பிப்போட்டார்... பிறகு பிள்ளை என்ன சொன்னவள்?