தேன்மொழி அம்மையாருக்கு: அந்த மே மாத நண்பகல் குறித்து

விண்ணில் வெடித்ததை விரல்நுனியில் கணித்த வித்தகரே! கணத்தில் தோன்றிக் கணத்தில் மறையும் காமாக் கதிர்களைக் கண்ணிமைக்காது காத்தவரே! நகரியில் பிறந்து, விசைத்தறி ஓசைக்கு நடுவே இயற்பியல் பயின்று, திருப்பதியில் எங்கள் ஆய்வு மையத்துக்கு முப்பத்தோர் ஆண்டுகள் தூணாய் நின்ற தேன்மொழி அம்மையாரே! பணிநிறைவு பெறும் தங்களை, நிறைந்த நெஞ்சோடும் நாணிய முகத்தோடும் வணங்குகிறோம்.

இம்மையத்தில் கோப்பெல்லாம் ஆங்கிலம், பேச்சு பெரும்பாலும் தெலுங்கு. ஆயினும் கணினித் திரையோடு தாங்கள் தனியே பேசிக்கொண்டது தமிழில்தான் என்பதால் இம்மடலும் தமிழிலேயே எழுதப்பட்டது.

எங்கோ ஒரு பெருவிண்மீன் இடிந்தழியும்போது காமாக் கதிர்கள் சில நொடிகள் பீறிட்டுப் பாய்கின்றன. காற்றுமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால், புவியைச் சுற்றும் நம் விண்தொலைநோக்கிதான் அவற்றைக் காண வேண்டும். கண்டதும் திசையைக் கணித்துத் தரைத் தொலைநோக்கிகளுக்கு விரைந்து சொன்னால்தான், மங்கிவரும் பின்னொளியைப் பிடித்து வெடிப்பின் தொலைவை அளக்க முடியும். அச்செய்தியை அனுப்பும் நாற்காலியில் பத்தாண்டுகள் அமர்ந்தவர் தாங்கள்! சூரியச் சீற்றத்தை வெடிப்பென்று மயங்கிக் கணினி மணியடிக்கும்போதெல்லாம், வரைகோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது சூரியன் சார், வுட்டுடுங்க" என்பீர்கள். ஒருநாளும் தவறியதில்லை.

இதற்குமேல் 'நாங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. எச்சரிக்கைப் பிரிவின் தலைவன் மோகன்ராஜ் ஆகிய நான் பேசுகிறேன். எங்கள் பிரிவினர் அனைவரின் சம்மதத்தோடுதான் இதை வாசிக்கிறேன்.

நான்காண்டுகளுக்கு முன், மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. தங்கள் தங்கை சிறுநீரகக் கோளாறால் சித்தூர் மருத்துவமனை ஒன்றில் இருந்தார். காலையிலேயே விடுப்புக் கேட்டீர்கள், கொடுத்தேன். பதினொன்று நாற்பதுக்குத் தாங்கள் பையைத் தோளில் மாட்டிய வேளையில் மணி அடித்தது. முப்பத்தெட்டு நொடி நீண்ட வெடிப்பு.

"அரை மணி நேரம் இருந்துட்டுப் போங்கம்மா. உங்கள வுட்டா இத யாரு பாப்பாங்க?" என்றேன்.

பையை இறக்கினீர்கள். சற்று நேரத்தில் தங்கள் கைபேசி ஒலித்தது. "வந்துகினே இருக்கேன்டி, நீ தூங்கு" என்று சொல்லி வைத்தீர்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

கணினி காட்டிய திசையைத் தாங்கள் நம்பவில்லை. புவியின் காற்றுமண்டலத்தில் பட்டுத் திரும்பிய கதிர்களையும் அது சேர்த்து எண்ணிவிட்டது என்று கண்டுகொண்டீர்கள். அவற்றைக் கழித்து மீண்டும் கணித்தபோது, வெடிப்பு வானத்தின் வேறொரு மூலையில் இருந்தது. தரைத் தொலைநோக்கி இருந்த சிலி நாட்டில் அப்போது இரவு. விடிந்துவிட்டால் எல்லாம் போயிற்று. ஒன்று இருபதுக்குச் செய்தி அனுப்பினீர்கள். அங்கே பின்னொளியைப் பிடித்தார்கள். ஆயிரத்து இருநூற்று எண்பது கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி! நாங்கள் கைதட்டி ஆர்ப்பரித்தபோது தாங்கள் படியிறங்கிப் போய்விட்டிருந்தீர்கள்.

பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்தீர்கள். தங்கை காலமானார் என்பது எங்களுக்குத் தெரியும். எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வெற்றி விழா நடத்திச் சால்வை போர்த்தினோம். தாங்கள் கைகூப்பி நின்றீர்கள்.

இம்மடலுக்குக் குறிப்பெடுக்கக் கடந்த வாரம் நகரியில் தங்கள் வீட்டுக்குப் போனேன். தங்கையின் மகள் ரக்ஷிதா, தாங்கள் வளர்த்துவரும் பெண், தேநீர் கொடுத்தாள். பெருமை பேசும் ஆசையில் அந்த நாளையும் நேரத்தையும் அவளிடம் சொன்னேன்.

"அன்னைக்குப் பெரியம்மா பஸ்ல இருந்தாங்களே சார்? காணிப்பாக்கம் கூட்டு ரோட்டுல பஸ் நின்னு போச்சுன்னு சொன்னாங்களே?" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "அம்மா ரெண்டேகாலுக்குப் பூட்டாங்க சார். அக்கா வந்துகினு இருக்குது, வந்துகினு இருக்குதுன்னு கதவையே பாத்துகினு இருந்தாங்க."

பதினொன்று நாற்பதுக்கே கிளம்பியிருந்தால் ஒன்றரைக்குச் சித்தூரில் இருந்திருப்பீர்கள். உயிரோடு பார்த்திருப்பீர்கள். நான்காண்டுகள் தாங்கள் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்ததை, நான் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் கொட்டிக் கவிழ்த்தேன்.

மறுநாள் தங்கள் முன் நின்று, "தப்பு முழுக்க என்னுதும்மா. அத மேடையில படிக்கலாமா?" என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தாங்கள் சொன்னது: "அரை மணி நேரம்னு நீங்க சொன்னீங்க சார். அதுக்கு மேல ஒரு மணி நேரம் உக்காந்துகினு இருந்தது நானு. அந்தக் கோடு சரியா வரணும்னு எனக்கே வெறி. முழுசா நீங்களே எடுத்துக்காதீங்க. படிக்கிறதுன்னா இதயும் சேத்துப் படிங்க."

சேர்த்தே படித்துவிட்டேன், அம்மா.

எங்களால் இயன்றது சிறிது. இனி பகலோ இரவோ, ஒவ்வொரு முறைப்பணியிலும் இருவர் அமர்வார்கள். வீட்டில் நோயாளி இருக்க, எவரையும் அந்த நாற்காலியில் இருத்திவைக்க மாட்டோம். தங்களுக்கு இது உதவாது என்பதை அறிவோம்.

ரக்ஷிதா ஆறு நாள் தங்களோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டோம். இன்று வந்திருக்கிறாள், இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். காலையில் இம்மடலை அவளிடம் கொடுத்து, எதை நீக்க வேண்டும் என்று கேட்டேன். நெடுநேரம் படித்தாள். "எதுவும் எடுக்க வேணாம் சார். தங்கை, தங்கைன்னே எழுதிகீறீங்க. எங்கம்மாவுக்குப் பேரு இருக்குது" என்றாள்.

எனவே எழுதுகிறோம்: அவர் பெயர் வள்ளி. நகரியில் விசைத்தறி ஓட்டியவர். இறக்கும்போது வயது நாற்பத்தொன்பது.

தேன்மொழி அம்மையாரே! உடல்நலம் குன்றாமல், உறக்கம் கெடாமல், இன்னும் பல்லாண்டுகள் தாங்கள் வாழ வேண்டும். இனி எவர் அழைத்தாலும் தாங்கள் உடனே கிளம்பலாம்.

தலைகுனிந்த நன்றியுடன்,
மோகன்ராஜ், கல்பனா, சிரஞ்சீவி, யஸ்வந்த்
மற்றும் எச்சரிக்கைப் பிரிவினர் அனைவரும்
திருப்பதி