ஏசி கமிட்டி உபதலைவர்

— ஏசி மெக்கானிக்குன்னு ஒனக்குச் சம்பளம் வருதுல்ல ஐயப்பா? அந்தப் பெட்டியத் தொறந்து பாத்தாக் கையி தேஞ்சா போகும்?

— கம்ப்ளைண்ட் பேப்பர் இல்லாம தொட்டா எனக்கு வார்னிங் லெட்டர், அண்ணாச்சி. அந்தச் சட்டத்தப் போட்டதே ஒங்க ஏசி கமிட்டிதான?

— ஆகஸ்ட்டு மாசம்யா! இந்தத் துபாய் அல் கூஸ்ல தார் ரோடே இளகுது. மூணு நாளா ரூம்ல பன்னெண்டு பேரும் ஈரத் துண்டப் போத்திக்கிட்டுக் கெடக்கோம்.

— அப்போ ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடுங்க.

— நான் எப்படி எழுத? கமிட்டி மெம்பரு கம்ப்ளைண்ட் குடுக்கக் கூடாதுல்ல.

— ரூம்ல வேற ஆளே இல்லியா?

— அம்புட்டுப் பேரும் மெம்பருதேன். ‘சம்பளமில்லாத தொண்டு, வர்றவுக கையத் தூக்குங்க’ன்னாரு கேம்ப் பாஸ். மீட்டிங் ஹால்ல ஏசி ஜில்லுன்னு ஓடுச்சா, கேம்பே கையத் தூக்கிருச்சு.

— நான் ஒருத்தன்தான் மிச்சம். ரிப்பேர் பாக்கவன் கம்ப்ளைண்ட் எழுதவும் கூடாதாம். யாராவது விலகுனாத்தான் உண்டு. நீங்களே விலகுங்களேன்.

— நானா? ஏசி கமிட்டிக்கு உபதலைவர்யா நான்! பேட்ஜ் மாட்டி எடுத்த போட்டோவ என் பொண்டாட்டி நாகவள்ளி ஊருல பிரேம் போட்டு வச்சிருக்கா. பதினேழு வருசமாக் கம்பி கட்டுறேன், ஒரு பய பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. இப்பத்தேன் ‘ராக்கப்பன் பாய், பைட்டோ’ன்னு சேரு இழுத்துப் போட்டுக் கையெழுத்துக் கேக்குறான்.

— செரி, பேட்ஜ மாட்டிக்கிட்டே வேவுங்க. ஒங்க பக்கத்துக் கட்டில் செய்கு முகம்மது பாய் மயங்கி விழுந்தாராமே?

— நேத்து ரெண்டு தடவ. லீவு போட்டா வேலை போயிருமோன்னு அந்த மனுசன் ஆசுபத்திரிக்கும் போகல.

— பேப்பர் ரெண்டும் என் பையிலதான் இருக்கு.

— ...கொண்டா அந்தப் பேப்பர. ராஜினாமா எதுல எழுதணும்?

— இதுல. கம்ப்ளைண்ட் அதுல.

— இந்தா, ரெண்டும். பேட்ஜும் இந்தா. கலாஸ், முடிஞ்சுது. போயிப் பாருய்யா, யல்லா!

— இங்கனயே நில்லுங்க. மாடில ஏறிப் பாத்துட்டு வாரேன்.

— என்னய்யா, போன வேகத்துல எறங்கிட்ட? ஸ்பேர் பார்ட்டு வேணுமா?

— மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, அண்ணாச்சி. மெயின் சுவிச்ச அணைச்சு டேப் ஒட்டிருக்கு. கரண்ட் மிச்சம் பிடிக்க ஏசி கமிட்டி உத்தரவுன்னு இங்கிலீஷ்ல ஒரு நோட்டீஸ்.

— எந்தக் கூறுகெட்ட பய அதுல கையெழுத்துப் போட்டது?

— நீங்கதான். கையெழுத்துப் போட்ட மெம்பர் சொன்னாத்தான் டேப்ப எடுக்கலாமாம். நீங்கதான் இப்போ மெம்பர் இல்லியே.